பிணை நிற்கும் இணைப்பு

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் ரயிலில் திருவள்ளூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் திருவாலங்காடு என்னும் பெயர்ப்பலகை கண்ணில் படும். நடராஜப் பெருமானுக்கு உரியனவாகச் சைவ உலகம் போற்றும் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இவ்வூரில் இருக்கிறது என்பதும், காரைக்கால் அம்மையார் ஆடல் கண்டு இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த ஸ்தலம் இதுவே என்பதும், முதலாம் இராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்கு அளித்த செய்தியைத் தாங்கிய 31 செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் இங்கே கிடைத்தன என்பதும் தமிழர் பலரும் அறிந்த விஷயங்கள். ஆயினும் இவ்வூரை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் முதலில் எழுவது, கோயிலை அடுத்த பழையனூரின் வேளாளர் எழுபதின்மருடைய விருத்தாந்தமே.

ஒரு வணிகனைத் தன் கணவன் என்று சாதித்து ஊர்ச் சபையில் நீலி என்ற பெண் வழக்காடினாள், அவள் பேய் என்று அஞ்சி நடுங்கிய அவ்வணிகனை நோக்கி, ‘உன் உயிருக்கு நாங்கள் பிணை, அஞ்சாமல் போ’ என்று சபையோர் வாக்களித்தனர், விடிந்து பார்த்தபோது வணிகன் மாண்டு கிடந்தான், தாம் கொடுத்த வாக்கை எண்ணி எழுபது பேரும் தீப்புகுந்தனர் என்று பரம்பரைக் கதை சொல்கிறது. அவர்கள் நினைவாக எழுந்த மண்டபம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. பிணை என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இக்கதையை இங்கே எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. காரியாலயங்களின் இணைய இணைப்பு அறுந்துபோகும் வேளையில் கைகொடுப்பதற்காக, கைப்பேசி டவர் வழியாக வரும் மற்றோர் இணைப்பை முன்கூட்டியே அமைத்து வைப்பது எப்படி என்பதைப் பற்றி எழுத அமர்ந்தபோது, அந்த இரண்டாம் இணைப்புக்கு ‘மாற்று’, ‘உபரி’, ‘பேக்கப்’ என்று வழங்கும் பெயர்களையெல்லாம் விடப் ‘பிணை’ என்னும் பழஞ்சொல்லே மிகப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றியது.

*சிவப்பு விளக்கு*

திருவாலங்காட்டுப் பகுதிக்கு நான் சென்றிருந்த ஒரு திங்கட்கிழமை, சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் பதிவேற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய காரியாலயத்தின் வாசலில் நிற்க நேர்ந்தது. உள்ளே இரண்டு கணினிகள், ஒரு பிரிண்டர், சுவரில் அறையப்பட்ட வெள்ளை நிறப் பெட்டி ஒன்று. அப்பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்தின் அருகே சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடி இழையின் வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்று கேட்டு வந்திருந்த ஒரு மூதாட்டி, “இன்னா நைனா, ஆவுமா ஆவாதா?” என்று கேட்டார். “லைன் அறுந்துபோச்சு ஆயா. ரெட் லைட்டு எரியுது பாருங்க. நாளைக்கு வாங்க” என்றார் அங்கிருந்த இளைஞர்.

அவர் பொறுப்பற்றவர் அல்லர். தம் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தார். ஆனால் அன்றைய ஒதுக்கீடான டேட்டா முழுவதும் காலையிலேயே தீர்ந்து, வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்கியிருந்தது. மூன்று மெகாபைட் கனமுள்ள ஒரு பக்கம் அந்த வேகத்தில் திறக்க ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அரசுத் தளம், நேரம் கடந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். மூதாட்டி மடியில் முடிந்திருந்த காகிதங்களை மறுபடியும் முடிந்துகொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். ஒரு நாட்கூலி, இரு வழிப் பேருந்துச் செலவு, பேத்தியின் சேர்க்கைக்கு எஞ்சியிருந்த நாட்களில் ஒன்று ஆகியவை அவருக்கு அன்று நஷ்டமாயின. இழை எங்கே அறுந்தது என்று விசாரித்தேன். குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிய ஜே.சி.பி. இயந்திரத்தின் பல் பட்டதாம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டபோது அது நகரத்துச் செல்வர் சிலரின் சாதனமாக இருந்தது. அது ஒரு நாள் நின்றால் யாருடைய அடுப்பும் அணைந்துவிடாது. இன்றோ நிலைமை முற்றிலும் வேறு. ரேஷன் கடையில் அரிசி அளப்பதற்கு முன் கைரேகை சரிபார்க்கப்பட வேண்டும். பத்திரப் பதிவு, பட்டா, முதியோர் உதவித்தொகை, பயிர்க்கடன், சமையல் எரிவாயு ஆகிய அனைத்தும் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு சர்வரின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. ஒரு காரியாலயம் ‘காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை’ என்று பலகை எழுதி மாட்டும்போதே ஊராருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்குக்குப் பிணை யார் என்பதே கேள்வி.

கைப்பேசி அலைகளை நம்பி அரசாங்கக் காரியம் நடத்துவது புதுமையும் அன்று. தபால் இலாகா 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று தொடங்கிவைத்த ‘தர்பண்’ திட்டத்தின்படி, நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 1,29,000 கிராமக் கிளை அஞ்சலகங்களுக்குச் சிம் கார்டு பொருந்திய கையடக்கக் கருவிகளும், மின்சாரம் இல்லாத இடத்திலும் அவை இயங்கச் சூரிய ஒளித் தகடுகளும் அளிக்க ஏற்பாடாயிற்று. கம்பி எட்டாத குக்கிராமத்துக்கு எது முதல் வழியாயிற்றோ, அதையே கம்பி எட்டிய ஊரில் இரண்டாம் வழியாக வைத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சிம் கார்டு ஒன்றை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டு வைப்பதனால் மட்டும் பிணை உண்டாகிவிடாது. ஊர் வழக்கில் ஒருவரை ஜாமீனாக ஏற்குமுன் பெரியவர்கள் நான்கு விஷயங்களை விசாரிப்பார்கள்: கடன்பட்டவனும் இவரும் ஒரே குடும்பமா, இவருக்குச் சொந்தமாக வகை உண்டா, கூப்பிட்ட குரலுக்கு வருவாரா, எதற்கு மட்டும் பொறுப்பு, எதற்கு இல்லை என்பது தெளிவாகப் பேசப்பட்டதா. இந்த நான்கு விசாரணைகளும் இங்கே அப்படியே பொருந்துகின்றன.

*ஒரே குடும்பமாக இருக்கலாகாது*

தகப்பன் கடனுக்கு, அதே நிலத்தை நம்பி வாழும் மகன் பிணை நின்று என்ன பயன்? வெள்ளம் வந்தால் இருவருக்கும் பயிர் போகும். அதுபோலவே, ஒரு கம்பெனியின் ஃபைபர் இணைப்பை வைத்திருப்பவர் அதே கம்பெனியின் சிம் கார்டைப் பிணையாக வைத்துக்கொண்டால், அந்தக் கம்பெனியின் உள்ளமைப்பில் பழுது நேரும் நாளில் இரண்டும் ஒருங்கே சாயும். ஆகையால் முதல் விதி, வெவ்வேறு கம்பெனி என்பது.

அதுவும் போதாது. கைப்பேசிக்கும் டவருக்கும் இடையில்தான் அலை. டவருக்கு அப்பால் அந்தச் செய்தியும் பெரும்பாலும் தரைவழியே ஏதோ ஓர் இழையில்தான் பயணம் செய்கிறது. அந்த இழையும் நம் காரியாலயத்தின் இழையும் ஒரே சாலையோரத்தில், ஒரே பள்ளத்தில், அல்லது ஒரே மின்கம்ப வரிசையில் செல்லுமானால் ஒரே ஜே.சி.பி. இரண்டையும் அறுத்துவிடும். இதை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. உங்கள் ஊர் டவரின் உச்சியை அண்ணாந்து பாருங்கள்: நீண்டு குறுகிய செவ்வகப் பெட்டிகள் தெரியும், அவை கைப்பேசிகளோடு பேசுபவை. அவற்றோடு, மேளத்தின் முகம் போல வட்டமான தட்டு ஒன்று தொலைவிலுள்ள மற்றொரு டவரை நோக்கித் திரும்பியிருக்குமானால், அந்த டவர் மைக்ரோவேவ் அலை வழியாகவே அடுத்த நிலையத்தோடு தொடர்பு கொள்ளக்கூடியது என்று அறியலாம். அத்தகைய டவரைச் சார்ந்த இணைப்பு, ஜே.சி.பி. பல்லுக்குப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு முதல் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் மொட்டைமாடியில் ஒரு பெட்டியை வைத்து அலை வழியாகவே வீட்டுக்கும் கடைக்கும் இணையம் தரும் சேவையும் பரவி வருகிறது. அதன் பெயரில் ஃபைபர் இருந்தபோதிலும், அதுவும் டவரையே நம்பியது. அதை முதல் இணைப்பாக வைத்திருப்பவர், பிணையாகக் கம்பிவழி இணைப்பைத் தேடுவதே விவேகம். முதலாவது கம்பியானால் இரண்டாவது அலை. முதலாவது அலையானால் இரண்டாவது கம்பி. இவ்வளவையும் நினைவில் வைத்தால் போதும்.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசேர்க்கத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொண்ட பாரத்நெட் திட்டத்தில் இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியாகவே செல்கிறது. பூமிக்குள் புதைத்தால் பள்ளம் தோண்டுவோரால் ஆபத்து. மேலே கட்டினால் காற்றாலும் உயரமான பாரவண்டிகளாலும் ஆபத்து. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைக் காலத்தில் தலைக்கு மேல் கரும்பு அடுக்கிய வண்டிகள் சாலையை அடைத்து வருவதைக் கண்டவர்களுக்கு, தாழத் தொங்கும் கேபிள் ஒன்று எவ்வளவு எளிதில் சிக்கிக்கொள்ளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பள்ளம் தோண்டுமுன் கேபிள் உடையவருக்குத் தெரிவிப்பதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டிருக்கிறது. அதைத் தோண்டுவோர் அனைவரும் உபயோகிக்கும் நாள் வரும் வரையில், இழை அறுவதென்பது நம் ஊர்களின் நித்திய சம்பவமாகவே இருக்கும்.

*வகை உண்டா என்று பார்க்க வேண்டும்*

பிணை நிற்பவருக்குக் கையில் பொருள் வேண்டும். இங்கே பொருள் என்பது சிக்னல், டேட்டா, மின்சாரம் ஆகிய மூன்றும் ஆகும்.

சிக்னலைக் கைப்பேசியின் மூலையில் தெரியும் கோடுகளைக் கொண்டு அளப்பது சரியன்று. அமைப்புப் பக்கத்தில் சென்று பார்த்தால் மைனஸ் குறியோடு ஓர் எண் தெரியும். மைனஸ் 85 அளவில் இருந்தால் நிறைவு. மைனஸ் 115-க்குப் போய்விட்டால் அந்த இடத்தில் இணைப்பு உறுதியாக நிற்காது. கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் அலைக்குப் பகை. 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரை ஊடுருவி வருவதுபோல 2,300 மெகாஹெர்ட்ஸ் வருவதில்லை. ஆகவே எந்தக் கம்பெனியின் சிம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து நிச்சயிக்காமல், நண்பர்களிடமிருந்து மூன்று கம்பெனிகளின் கைப்பேசிகளை வாங்கி, ரவுட்டர் வைக்கப்போகும் அதே இடத்தில் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சோதித்துப் பார்ப்பதே உத்தமம். சிக்னல் பலவீனமாக இருந்தால் மாடியில் ஆன்டெனா வைக்கலாம்; ஆனால் ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிள் நீள நீள, பிடித்த சிக்னல் அதிலேயே தேய்ந்துவிடும். ஆகையால் ரவுட்டரை ஆன்டெனாவுக்கு அருகே வைத்து, அங்கிருந்து 100 மீட்டர் வரை தாராளமாகச் செல்லக்கூடிய லேன் கேபிளைக் கீழே இறக்குவது நலம்.

எல்லைப்புற ஊர்களுக்கு உரிய விசேஷம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது வரையப்பட்ட எல்லைக்கோட்டை மனிதர் அறிவர். வானில் செல்லும் அலை அறியாது. திருத்தணிக்கு வடக்கேயும் மேற்கேயும் எல்லையை ஒட்டிய கிராமங்களில், சிம் ரவுட்டர் சில வேளைகளில் ஆந்திர வட்டத்து டவரைப் பற்றிக்கொள்ளும். அப்போது ரவுட்டரில் ‘ரோமிங்’ என்பது அணைத்து வைக்கப்பட்டிருந்தால், சிக்னல் நிறையத் தெரிந்தும் இணையம் வராது. கட்டணத்தில் பேதமில்லாத திட்டமாகப் பார்த்து வாங்கி, ரோமிங்கைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

டேட்டாவைப் பொறுத்தவரை, காரியாலயத்துக்கு உண்மையில் தேவைப்படுவது மிகச் சொற்பம். 200 கிலோபைட் அளவுள்ள ஸ்கேன் செய்த காகிதம் ஆயிரத்தை அனுப்பினாலும் 200 மெகாபைட்தான் ஆகும். ஆனால் ஒருவர் தெளிவான படத்தோடு ஒரு மணி நேரம் வீடியோ சம்பாஷணை நடத்தினால் ஏறத்தாழ ஒரு ஜி.பி. கரைந்துவிடும், கணினிகள் யாரும் கேளாமலே இறக்கிக்கொள்ளும் விண்டோஸ் புதுப்பிப்பு அதைவிடப் பெரும் தீனிக்காரன். ஆதலால் பிணை இணைப்பு வேலை செய்யும் வேளையில் இவற்றை நிறுத்தி வைக்கும்படி ரவுட்டரிலும் கணினியிலும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் திட்டத்தைவிட, மொத்தமாக ஓர் அளவைக் கொடுத்து நெடுநாள் வைத்துக்கொள்ளச் சொல்லும் திட்டமே இதற்கு ஏற்றது. எப்போதோ ஒரு நாள்தான் இது வேலை செய்யப்போகிறது, அந்த ஒரு நாளில் நிறைய வேண்டியிருக்கும்.

ரீசார்ஜ் செய்யாமல், உபயோகமும் இல்லாமல் மூன்று மாதம் கிடந்த எண் துண்டிக்கப்பட்டுவிடலாம் என்பதையும் மறக்கலாகாது. பழுது நேர்ந்த நாளில் சிம்மை எடுத்துப் பொருத்தி, அது உயிரற்றுக் கிடப்பதைக் கண்டவர்கள் பலர். ஊழியர் ஒருவரின் பெயரில் சிம் வாங்குவதும் தவறு; அவர் வேலையை விட்டுச் செல்லும்போது பிணையும் அவரோடு போய்விடும். காரியாலயத்தின் பெயரிலேயே வாங்கி, கடைசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டும்.

மின்சாரமோ எல்லாவற்றுக்கும் மூலம். ஃபைபர்ப் பெட்டியும் சிம் ரவுட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 20 வாட் உண்ணும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொள்ளும் ஒரு சிறு பேட்டரி இவ்விரண்டையும் மூன்று மணி நேரமாவது தாங்கும். கணினிக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டு ரவுட்டரை வெறும் சுவர் மின்சாரத்தில் விட்டுவைக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது; விளக்கு எரியும் கணினியும் அணைந்த ரவுட்டருமாக அமர்ந்திருப்பதில் என்ன பிரயோஜனம்? சட்டைப்பையில் வைக்கும் சிறிய பேட்டரி ஹாட்ஸ்பாட்டுகளை இரவு பகலாகச் சார்ஜிலேயே போட்டு வைத்தால் உள்ளிருக்கும் பேட்டரி உப்பிப்போகும். ஆகையால் நிலையாக வைப்பதற்கென்றே செய்யப்பட்ட, பேட்டரி இல்லாத சிம் ரவுட்டரையே வாங்க வேண்டும்.

*கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும்*

மூன்றாவது லட்சணம், வேளையில் வந்து நிற்பது. கைப்பேசியைத் தேடி எடுத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் கடவுச்சொல் தட்டி இணைப்பது ஓராள் காரியாலயத்துக்குச் சரி. நான்கு கணினியும் பில் இயந்திரமும் இருக்கும் இடத்தில் அது அரை மணி நேர வேலை. இதற்காகவே இரண்டு வழிகளை ஏற்கும் ரவுட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஒரு துளையில் ஃபைபர்ப் பெட்டியிலிருந்து வரும் கேபிளைச் செருகி, மறுபுறம் சிம் கார்டைப் பொருத்தி, ‘கேபிளே முதல், சிம் இரண்டாவது’ என்று ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டால், முதலாவது ஓய்ந்ததும் இரண்டாவது தானே பொறுப்பேற்கும். முதலாவது மீண்டதும் தானே விலகிக்கொள்ளும். இதன் விலை சில ஆயிரம் ரூபாய்தான்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி ரவுட்டரை விட்டுவிட்டால், வெளியே எங்கோ இழை அறுந்திருக்கும்போதும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள இரண்டடிக் கேபிள் உயிரோடுதான் இருக்கும்; ரவுட்டரும் எல்லாம் சுகம் என்று எண்ணி அசையாமல் இருந்துவிடும். நாடித்துடிப்பைப் பார்ப்பதென்றால் தொலைவிலுள்ள நம்பகமான ஒரு முகவரிக்குச் சில நொடிக்கொரு முறை சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். ரவுட்டரின் அமைப்பில் ‘பிங்’ என்ற பெயரில் இதற்கு இடம் இருக்கும். ஒரே முகவரியை நம்பாமல் இரண்டு முகவரிகளைக் கொடுத்து, மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் மட்டும் மாறும்படி வைத்தால், அரை நிமிஷத்துக்குள் மாற்றம் நிகழும்; சிறு தடங்கலுக்கெல்லாம் அங்கும் இங்கும் தாவிக்கொண்டிருக்கும் அவஸ்தையும் இராது.

*பொறுப்பின் எல்லை*

நான்காவது, பிணையின் எல்லையை முன்கூட்டியே அறிந்திருப்பது. கைப்பேசி வலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் வசிப்பவர் வெளியே யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். ஆனால் கதவிலக்கம் மட்டும் தெரிந்து வரும் அயலார் எந்தப் போர்ஷனுக்குப் போவது என்றறியாமல் திகைப்பார். அதுபோல, சிம் இணைப்பின் வழியே நாம் வெளித்தளங்களுக்குச் செல்வதில் தடையில்லை. வெளியூரிலிருந்து முதலாளி நம் காரியாலயக் கணினிக்குள்ளோ காமிராவுக்குள்ளோ நேரே நுழைந்து பார்ப்பது பெரும்பாலும் இயலாது. அத்தேவை உள்ளவர்கள் உள்ளிருந்து வெளியே புறப்பட்டு ஒரு பொதுவிடத்தில் சந்திக்கும் முறையில் அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மேலும், இணைப்பு மாறும் கணத்தில் நம் வெளி முகவரியும் மாறிவிடுவதால், வங்கித் தளங்களும் சில அரசுத் தளங்களும் சந்தேகங்கொண்டு நம்மை வெளியேற்றிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பம் அழிந்துபோகலாம். நிரப்ப நிரப்பச் சேமித்துவைக்கும் பழக்கம் இதற்கு மருந்து. பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே திறக்கும் தளங்களை உபயோகிக்கும் காரியாலயங்கள், இதைப் பற்றி முன்னரே மேலிடத்தில் பேசி வைக்க வேண்டும்.

மார்கழித் திருவாதிரை அன்று திருவாலங்காட்டிலும், ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியிலும் கூடும் பெருங்கூட்டத்தின் கையில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும். அன்று டவரின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்வதால், சிக்னல் நிறைந்திருந்தும் வேகம் நலிந்துபோகும். திருவிழா நாளில் நம் பிணைக்கும் நெருக்கடி என்று அறிந்து, அவசர வேலைகளை முந்திய தினமே முடித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கடுமையான நாட்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையிலும் சென்னையையும் அதன் சுற்றுவட்டாரங்களையும் சேர்ந்த மக்கள், கம்பியும் டவரும் ஒருங்கே ஊமையாகிவிட்டதைக் கண்டார்கள். டவருக்கும் மின்சாரம் வேண்டும். அதன் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுசெல்ல நீர் சூழ்ந்த சாலை இடங்கொடாது. அத்தகைய நாளுக்கு மூன்றாம் பிணையாக ஒன்றுண்டு. அது காகிதம்.

திருவாலங்காட்டின் வழியே செல்லும் ராயபுரம்–வாலாஜா ரோடு பாதையில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ரயில்வே நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. இரு நிலையங்களுக்கு இடையே வண்டியை அனுமதிக்கும் பிளாக் கருவி பழுதானால், நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் பேசி, தனி எண்களைப் பரிமாறி உறுதி செய்துகொண்டு, காகிதத்தில் எழுதிய அனுமதிச் சீட்டை ஓட்டுநர் கையில் கொடுத்து வண்டியை அனுப்பும் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. வேகம் குறையும், ஆனால் வேலை நிற்காது, விபத்தும் நேராது. அதுபோல ஒவ்வொரு காரியாலயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். இணையம் முற்றிலும் இல்லாத நாளில், வந்தவரின் பெயரும் கோரிக்கையும் கைப்பேசி எண்ணும் எழுதி, காகிதங்களின் நகலை வாங்கி வைத்து, இணைப்பு வந்ததும் பதிவேற்றித் தகவல் சொல்லலாம். கைரேகை தேவைப்படாத காரியங்களில் பாதி இவ்விதம் முடிந்துவிடும். ஓலையில் எழுதியதைக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்த முன்னோர், ஒரே சாதனத்தை நம்பலாகாது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த அறிவினால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பழையனூர்த் தானத்தின் விவரத்தை நாம் படிக்க முடிகிறது.

சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் அந்தச் சிறிய காரியாலயத்துக்குச் சென்றிருந்தேன். ஜன்னலோரம், டவர் இருக்கும் திசையை நோக்கி, இரண்டு கொம்புகள் போல ஆன்டெனா நீட்டிய கறுப்பு நிறப் பெட்டி ஒன்று புதிதாக அமர்ந்திருந்தது; அதனடியில் காலணிப் பெட்டி அளவுள்ள ஒரு பேட்டரி. அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த காகிதத்தில் ரீசார்ஜ் முடியும் தேதி எழுதியிருந்தது. “அன்னைக்கு அந்த ஆயா போனதிலேர்ந்து மனசு கேக்கல சார்” என்று சொல்லிய அவ்விளைஞர், நான் கேளாமலே எழுந்து சென்று வெள்ளைப் பெட்டியிலிருந்து மெல்லிய மஞ்சள் இழையைக் கழற்றினார். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கிற்று. இருவரும் கணினியைப் பார்த்தபடி நின்றோம். இருபத்தைந்து வரை எண்ணியிருப்பேன். நின்றுபோயிருந்த பக்கம் மெல்லத் திறந்துகொண்டது. மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை காலையில், மக்கள் வருமுன் இப்படிக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருப்பதாகச் சொன்னார்.

இக்கட்டுரையைப் படிக்கும் காரியாலயத் தலைவர்களுக்கும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும், கடைக்காரர்களுக்கும், பள்ளி நிர்வாகிகளுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. சோதித்துப் பாராத பிணை, பிணையே அன்று. வருகிற திங்கட்கிழமை காலை, வாசலில் ஆள் சேருமுன், உங்கள் இணைப்பைக் கையால் கழற்றிவிட்டு அரை நிமிஷம் காத்திருந்து பாருங்கள். பக்கம் திறந்தால் உங்கள் வாக்குக்குப் பிணை உண்டு. திறக்காவிட்டால், அன்று மாலைக்குள்ளேயே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.